கல்விச் சீர்திருத்த ஆணைகளை எதிர்த்து ஆசிரியர்கள் அணிதிரள்வது எப்படி? நெல்லை வட்டார ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளிலும் மானியப் பள்ளிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்களும், அவர்களுக்காகப் பேசும் சங்கப் பொறுப்பாளர்களும் வட்டாரக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். பள்ளி இணைப்பு, பணிநிரவல் (உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது), தேர்வு முறை மாற்றம், எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், ஆசிரியர் தகுதித் தேர்வு என எதை எடுத்தாலும் அது சீர்திருத்தம் என்ற பெயரிலேயே பள்ளிக்கு வந்து சேர்கிறது. அவற்றுள் குழந்தைகளுக்குத் தீங்கானதைத் தடுக்க விரும்பும் ஆசிரியர் எங்கே தொடங்க வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் பொருள்.

கல்விச் சீர்திருத்தம் என்றாலே எதிர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அப்படி எதிர்க்கும் சங்கத்தின் பேச்சைப் பெற்றோரும் கேட்பதில்லை, அலுவலர்களும் கேட்பதில்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் சுமையைக் கண்ணால் பார்த்த ஆசிரியர்களில் பலர் அதை வரவேற்றார்கள். அதுவும் ஒரு சீர்திருத்தம்தான்.

ஆகவே, ஒரு கொள்கை அறிக்கை வந்தால் அதை முழுவதும் படித்து, எந்தப் பத்தி நம் பள்ளியில் எந்தக் குழந்தையை எப்படிப் பாதிக்கும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். "தேசியக் கல்விக் கொள்கை ஒழிக" என்ற முழக்கத்தால் மண்டபம் அதிரும். ஆனால் களக்காட்டுக்கு மேற்கே ஈராசிரியர் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்க்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. "இந்த ஆணையின் இந்தப் பிரிவின்படி, அடுத்த ஜூன் மாதம் உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும்" என்று சொன்னால் அவர் உட்கார்ந்து கேட்பார். எதிர்ப்பை ஆணையின் ஒரு குறிப்பிட்ட பத்தியின் மீது வைக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஓர் ஆணை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

காகிதத்தைக் கையில் வாங்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல் பதிவையும், "சி.இ.ஓ. மீட்டிங்கில் சொன்னார்களாம்" என்ற செய்தியையும் வைத்துக்கொண்டு யாரும் போராட்டம் அறிவிக்கக் கூடாது. அது அரசாணையா, இயக்குநரின் செயல்முறைகளா, முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) சுற்றறிக்கையா, அல்லது வட்டாரக் கல்வி அலுவலர் வாய்மொழியாகச் சொன்னதா என்று பிரித்துப் பார்ப்பது மிக அவசியம். வாய்மொழி உத்தரவாக இருந்தால், "தாங்கள் கூறியதை எழுத்துவடிவில் வழங்கக் கோருகிறேன்" என்று பணிவாக ஒரு கடிதம் கொடுத்தாலே பல நேரங்களில் அது அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது முதல் ஒன்றிய அரசு, மாநில அரசு இரண்டுக்கும் இதில் அதிகாரம் உண்டு. 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை ஒரு கொள்கை ஆவணம். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது. ஆனாலும் நிதியின் வழியாக அது மாநிலங்களை நெருக்க முடிகிறது. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததை அடுத்து, 2024–25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டு, அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இந்தப் பாகுபாடு தெரியாமல் திரட்டும் கூட்டம் தவறான கதவைத் தட்டும். தகுதித் தேர்வைப் பாருங்கள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் முன் நின்று முழங்கிப் பயன் இல்லை. ஆசிரியர் தகுதி பற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. எனவே திருநெல்வேலி, தென்காசி நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களும் டெல்லியும்தான் அந்தக் கோரிக்கைக்கான இடங்கள்.

இப்படிப் போராடி எந்தக் கொள்கையாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா?

பெறப்பட்டிருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்தின் கிராமப்புறங்களில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டத்தை இராஜாஜி அரசு கொண்டுவந்தது. மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அதன் பொருள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இராஜாஜி பதவி விலகி, 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரான அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது.

நமது காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தைப் பின்பற்றி, ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்படும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆசிரியர் சங்கங்கள், பெற்றோர், கல்வியாளர்கள், கட்சிகள் எனப் பல தரப்பும் எதிர்த்தன. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் ஓர் அரசு பின்வாங்கியதற்குக் காரணம், பத்து வயதுக் குழந்தை பொதுத்தேர்வு எழுதப் போகிறது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் எல்லார் வீட்டிலும் புரிந்ததுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

அரசு ஊழியராகிய ஆசிரியர் அரசின் கொள்கையை எதிர்க்கச் சட்டம் இடம் தருகிறதா?

எல்லைக்குள் தருகிறது. அரசு ஊழியர்கள் எந்த வகை ஆர்ப்பாட்டமும் செய்யக் கூடாது என்ற நடத்தை விதி செல்லாது என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்றும் கூறியது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆவது கூறில் இருக்கிறது. எனவே பணிநேரத்துக்கு வெளியே அமைதியாகக் கூடுவது, கோரிக்கை அட்டை அணிவது, மனுக் கொடுப்பது, கருத்தரங்கம் நடத்துவது ஆகியவற்றில் பாதுகாப்பு அதிகம். பணிநேரத்தில் பள்ளியை விட்டு வெளியேறுவது, சாலை மறியல், அலுவலக முற்றுகை ஆகியவற்றில் பாதுகாப்பு குறைவு.

வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும், சுமார் 1,70,000 பேரை, தமிழ்நாடு அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த மாதம் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. தார்மீக உரிமையும் இல்லை என்ற பகுதி எங்களுக்கு உடன்பாடானது இல்லை. ஆனால் அது இன்னும் நடைமுறையில் இருக்கும் தீர்ப்பு என்பதை இளம் ஆசிரியர்களுக்கு மறைக்காமல் சொல்வது பொறுப்பாளர்களின் கடமை. அப்போதைய தொழிற்தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், ஆலைத் தொழிலாளருக்கு இருந்த வழிகளும் நமக்கு இல்லை.

மானியப் பள்ளி, தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலை என்ன?

நம் வட்டாரத்துக்கு இது முக்கியமான கேள்வி. இங்கே ஒவ்வொரு ஊரிலும் டி.டி.டி.ஏ. பள்ளி, ஆர்.சி. பள்ளி, இந்து ஆரம்பப் பள்ளி என்று மானியப் பள்ளிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, நியமனமும் ஒழுங்கு நடவடிக்கையும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பணியாளர் நிர்ணயம் செய்யும்போது, உபரி என்று குறிக்கப்படும் அச்சம் இவர்களுக்கே கூடுதல். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2025ஆம் ஆண்டின் தகுதித் தேர்வுத் தீர்ப்பு அந்த நிலைப்பாட்டின் மீதே ஐயம் எழுப்பி, அதைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டிருக்கிறது. ஆகையால் அரசுப் பள்ளிக்கு எழுதிய மனுவை அப்படியே பெயர் மாற்றி இங்கே கொடுக்கக் கூடாது. நிர்வாகத்துடன் முதலில் பேசுங்கள். பல ஆணைகளில் நிர்வாகத்துக்கும் ஆசிரியருக்கும் ஒரே கவலைதான் இருக்கும்.

சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிப் பாதுகாப்பு மிகக் குறைவு. அவர்களை முன்வரிசையில் நிறுத்துவது நியாயம் ஆகாது. தகவலாலும் எழுத்தாலும் அவர்கள் உதவலாம்.

பல சங்கங்களாகப் பிரிந்து கிடக்கும் ஆசிரியர்களை எப்படி ஒன்றுசேர்ப்பது?

மாநில அளவில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்கள் சேர்ந்த ஜாக்டோ–ஜியோ, தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்த டிட்டோஜாக் போன்ற கூட்டமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் சென்னையில் கையெழுத்தான கூட்டறிக்கை, சேரன்மகாதேவி ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஓய்வு அறைக்குள் தானாக வந்து சேராது. அதைக் கொண்டு சேர்ப்பது வட்டாரக் கிளையின் வேலை.

ஒன்றியத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே அங்கே நாம் நேரில் பேசக்கூடிய ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத பள்ளிகள்தான் முதல் வேலை. அந்தப் பள்ளிக்குப் போகும்போது துண்டறிக்கையை நீட்டிவிட்டுத் திரும்பாமல், "இந்த ஆணையால் உங்கள் பள்ளியில் என்ன மாறும் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதி. அப்படியிருக்க, மாலை ஆறு மணிக்கு மேல் பாளையங்கோட்டையில் செயற்குழு வைத்தால், பாபநாசத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் வரும் ஆசிரியை எப்படி வீடு திரும்புவார்? சனிக்கிழமை காலையில், பேருந்து நிலையத்துக்கு அருகில் கூட்டம் வைத்த வட்டாரங்களில் வருகை கூடியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மேடையிலும் பொறுப்பிலும் ஆசிரியைகள் இல்லாத ஆயத்த மாநாட்டுக்கு ஆசிரியைகள் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

சங்கங்களுக்கு இடையே யார் பெயர் முதலில் வருவது என்ற சிக்கல் எப்போதும் வரும். அகர வரிசை என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒன்றுபடும் கோரிக்கைகள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். பத்து அம்சம், பதினைந்து அம்சம் என்று நீளும் கோரிக்கைப் பட்டியலில், அரசு தனக்கு எளிதான ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பரிசீலிப்பதாகச் சொல்ல வசதி இருக்கிறது.

இந்த அடித்தள வேலையின் வலிமைக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில், வேலைநிறுத்தத்துக்கு 75 விழுக்காடு உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் கடுமையாக்கப்பட்டது. அங்குள்ள ஆசிரியர் சங்கம் பள்ளி பள்ளியாகப் பேசிச் சுமார் 90 விழுக்காடு ஒப்புதலைப் பெற்று, 2012 செப்டம்பரில் ஏழு பள்ளி நாள்கள் வேலைநிறுத்தம் செய்தது. மாணவரின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடுவது அதில் ஒரு முக்கியச் சிக்கல். ஆனால் அடுத்த ஆண்டே அந்நகர நிர்வாகம் சுமார் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெற்றோர் ஏன் நம்முடன் நிற்க வேண்டும்?

இதற்கு நேர்மையான பதில் இல்லாமல் எந்தப் போராட்டத்தையும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு கோரிக்கை குழந்தையின் நலம் பற்றியதா, ஆசிரியரின் பணி நலம் பற்றியதா என்பதை நாமே முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வித் துறை ஆசிரியர்களின் பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வேண்டுமானால் தொலைதூர மாவட்டத்துக்குப் போக வேண்டிய நிலை வரும் என்பதால் டிட்டோஜாக் அதை எதிர்த்துப் போராடியது. அது முதன்மையாகப் பணி நலக் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. அதை அப்படியே சொல்லலாம். குழந்தைகளுக்காகவே போராடுகிறோம் என்று அதற்கு வேறு சட்டை போட்டுவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே குழந்தைகளுக்காகப் பேசும்போதும் நம்மை நம்பமாட்டார்கள்.

பள்ளி இணைப்பு வேறு வகை. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியை அருகிலுள்ள பள்ளியுடன் சேர்ப்பது சிக்கனம் என்று அரசு சொல்கிறது. பத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியில் கூடிப் படிக்கும், கூடி விளையாடும் வாய்ப்புக் குறைவு என்ற வாதத்தில் உண்மையும் இருக்கிறது. அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிற விதியை வரைபடத்தில் அளப்பவருக்கு, அந்த ஒரு கிலோமீட்டர் எந்தத் தெருக்களின் வழியாகப் போகிறது என்று தெரியாது. நம் மாவட்டத்தில் அது தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் பெற்றது. ஒரு தெருவுக்கு அருகிலேயே இருந்த பள்ளியை மூடிவிட்டு, ஆறு வயதுப் பிள்ளையை இன்னொரு தெரு வழியாக நடக்கச் சொல்லும் முன்பு, அந்தத் தாயிடம் கேட்டார்களா என்பதுதான் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. இதை ஆசிரியரைவிடப் பெற்றோரே தெளிவாகச் சொல்வார்கள்.

அவர்களைச் சந்திக்கப் போகும் நேரமும் முக்கியம். முக்கூடல், பேட்டை, மேலப்பாளையம் பக்கம் பல வீடுகளில் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் நேரத்துக்குள் எண்ணிக்கை முடிய வேண்டும். அந்த வேளையில் அவர்களைப் பள்ளிக்கு வரச் சொல்லிக் கூட்டம் நடத்தினால் அன்றைய கூலியை நாம் பறித்ததாக ஆகும். நாமே திண்ணைக்குப் போய் உட்கார்ந்தால், கை இலையை மடித்து நூலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே காது நம் பக்கம் இருக்கும். "ஸ்கூல மூடப் போறாங்களாமே சார்வாள், நெசந்தானா?" என்று பேச்சு அங்கேதான் தொடங்கும்.

அதே திண்ணையில் இன்னொரு கேள்வியும் வரும்: "உங்க பிள்ள எந்த ஸ்கூல்ல படிக்கி?" அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பலர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். இதைத் தனிப்பட்ட விஷயம் என்று தள்ளிவிட முடியாது. உண்மையைச் சொல்லி, இருந்தும் இந்தப் பள்ளி ஏன் நிற்க வேண்டும் என்பதை விளக்கும் ஆசிரியரை மக்கள் மதிக்கிறார்கள். தம் பிள்ளையை அதே பள்ளியில் சேர்த்திருக்கும் ஆசிரியர் இருந்தால், முதலில் பேச வேண்டியவர் அவரே.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் கிராம சபையையும் எப்படிப் பயன்படுத்துவது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியை இணைக்கக் கூடாது என்று அந்தக் குழு தன் கூட்டத்தில் விவாதித்து, காரணங்களுடன் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவேட்டில் எழுதினால், அது பெற்றோரின் குரலாக அரசின் கோப்புக்குள் போகிறது. தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்து வாங்குவது வேறு, பெற்றோர் பேசியதைத் தீர்மானமாக எழுதுவது வேறு. படிக்கும் அலுவலருக்கு இரண்டும் பிரித்துத் தெரியும். மானியப் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை கூறும் குழு மட்டுமே.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. அந்த ஊர் வாக்காளரான பெற்றோர் தீர்மானத்தை முன்மொழியலாம். முன்னதாகவே ஊராட்சித் தலைவரிடம் பொருள்நிரலில் சேர்க்கக் கேட்டு எழுதிக் கொடுங்கள். தீர்மான நகல் கையில் கிடைக்கும் வரை விடாமல் கேளுங்கள். ஆசிரியர் அங்கே வெளியூர்க்காரராக இருந்தால், பின்வரிசையில் இருப்பதே நல்லது.

ஆதாரங்களை எப்படித் திரட்டுவது?

"எமிஸ் வேலையால் பாடம் நடத்த முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால், "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்ற பதில்தான் வரும். ஓர் ஒன்றியத்தில் ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்து, எந்தப் பதிவேற்றத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது, அது பாடவேளைக்குள் நடந்ததா, அப்போது வகுப்பை யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதினால் போதும். மலையடிவாரப் பள்ளியில் சிக்னலுக்காகச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் வேப்பமரத்தடியில் நிற்கும்போது, உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதியதைக் காட்டக் காத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடம் குறிப்பேட்டில் ஏறினால் அது ஆதாரம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பதிவேற்றம் கல்விப் பணியின் பகுதியே என்று துறை வாதிடும். அந்த வாதத்துக்கு நம் குறிப்பேடுதான் பதில்.

அரசிடமுள்ள விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். "ஏன்" என்று கேட்காமல், "எந்தெந்தப் பள்ளிகள், எந்தத் தேதியிலான எந்தக் கோப்பின்படி" என்று கேளுங்கள். ஆசிரியர் தம் வீட்டு முகவரியிலிருந்து, குடிமகன் என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். பதவி முத்திரை கூடாது.

ஆர்ப்பாட்டம் நடத்தும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலும், வெளியே என்றால் உரிய காவல் அலுவலரிடமும் ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி கோருங்கள். மனுவைப் பெற்றதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அதையும் எழுத்தில் பெறுங்கள்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணி அங்கே தடியடிக்கு உள்ளாகி, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் காவல்துறையும் இருக்கும் அந்த இடத்தில் கூட்டம் நெருக்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மறக்கவில்லை. ஆகவே பெரும் பேரணியைவிட, ஓரிடத்தில் நின்று நடத்தும் கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பெற்றோர் தனித்தனியாக மனுக் கொடுக்கும் பெருந்திரள் முறையீடும் நல்லவை. ஒரே பள்ளியிலிருந்து நாற்பது பெற்றோர் நாற்பது மனுவைப் பதிவு செய்தால், ஒவ்வொன்றுக்கும் துறை பதில் சொல்லியாக வேண்டும். மாணவர்களைச் சீருடையில் கொண்டுவந்து நிறுத்துவது எந்தச் சூழலிலும் கூடாது.

போராட்டத்தின் மாதத்தையும் யோசிக்க வேண்டும். 2019 ஜனவரி 22 முதல் ஜாக்டோ–ஜியோ நடத்திய காலவரையற்ற வேலைநிறுத்தம், கோரிக்கைகள் நிறைவேறாமலே 30ஆம் தேதி முடிவுக்கு வந்தது. பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் பெற்றோரின் பதற்றம் அரசுக்குச் சாதகமாகப் போனதும் அதற்கு ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். ஜூன், ஜூலை மாதங்கள், அதாவது ஆகஸ்ட் 1 பணியாளர் நிர்ணயத்துக்கு முந்தைய நாள்கள், இவ்வகைக் கோரிக்கைகளுக்கு ஏற்றவை.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதலாமா?

எழுதலாம்; ஆணையைப் பற்றி எழுதுங்கள், அலுவலரைப் பற்றி எழுத வேண்டாம். மாணவர் முகம் தெரியும் படமும், அலுவலக உள்கடிதங்களும் வேண்டவே வேண்டாம். குழுவில் போடும் எதுவும் ஒரு மணி நேரத்தில் குழுவுக்கு வெளியே போய்விடும்.

கட்சிகளின் ஆதரவைப் பெறலாமா?

சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே மனுவைக் கொடுங்கள். அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபட நடத்தை விதிகள் தடை செய்கின்றன. கட்சிக் கொடி நம் பந்தலில் ஏறினால் பெற்றோரில் ஒரு பகுதியினர் அன்றே விலகிவிடுவார்கள்.

ஓர் ஆசிரியருக்கு மெமோ வந்தால் என்ன செய்வது?

போராட்டம் தொடங்கும் முன்பே இதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) என்றால் சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு, 17(ஆ) என்றால் பெருந்தண்டனைக்கானது. எதுவாக இருந்தாலும் குறித்த கெடுவுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கோபத்தில் எழுதிய பதில் பின்னால் நீதிமன்றத்திலும் தொடரும். ஆகையால் சங்கத்தில் விதிகள் அறிந்த ஒருவர் பார்த்த பிறகே அது போகட்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்க வேண்டி வந்தால் அதற்கான நிதி, சந்தாவிலிருந்து தனிக் கணக்கில் இருக்கட்டும். மெமோ வாங்கிய ஆசிரியரின் வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேர் போக வேண்டும். அவருடைய வீட்டார் பயந்திருப்பார்கள். தொலைபேசியில் சொல்லும் ஆறுதல் போதாது. மெமோ வாங்கியவரைத் தனியே விட்ட வட்டாரத்தில் அடுத்த போராட்டத்துக்கு ஆள் வருவதில்லை.

பேச்சுவார்த்தைக்கு அழைத்தால்?

நால்வருக்கு மேல் போக வேண்டாம். அதில் ஒருவர் பெற்றோராக இருக்கட்டும். எது கிடைத்தால் ஏற்பது, எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முந்தைய நாளே பொதுக்குழுவில் முடிவாகியிருக்க வேண்டும். பேசியதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் பெற முயலுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையுடன் வெளியே வந்து, வாயிலில் நின்று வெற்றி என்று அறிவிப்பது உறுப்பினர்களை ஏமாற்றுவதாகும்.

ஆணையைத் திரும்பப் பெறுவதாக அமைச்சர் அறிவித்துவிட்டால் போராட்டம் முடிந்ததா?

பழைய ஆணையை இரத்து செய்யும் புதிய ஆணை எண்ணும் தேதியும் போட்டு வெளிவந்த பிறகே முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அறிவிப்புக்கும் ஆணைக்கும் இடையில் சில மாதங்கள் கழிவதும், அதற்குள் கீழ்நிலை அலுவலகங்கள் பழைய செயல்முறைகளின்படியே பட்டியல் தயாரிப்பதும் வழக்கம். ஆணையின் நகலை ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் கொடுத்து, அவர்கள் பதிவேட்டில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆகஸ்ட் மாதம் பணியாளர் நிர்ணயப் பட்டியல் வந்ததும், இணைக்கப்படவிருந்த பள்ளிகளின் பெயர்கள் அதில் பணியிடங்களுடன் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பள்ளியை மூடாமலே, ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டு ஓராசிரியர் பள்ளியாக்கிவிட்டால், இரண்டு ஆண்டில் பெற்றோரே பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிடுவார்கள். அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அந்த இரண்டாவது பணியிடம் காலியாக இருப்பதைக் கண்டால், அடுத்த மனுவை அன்றே எழுதத் தொடங்குங்கள்.